பழைய காரில் பேட்டரியைத் தாங்கும் பாகங்கள்: தேடுவதும் உறுதியாகப் பொருத்துவதும்

1960களில் வந்த கார் ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: பேட்டரி அமரும் தட்டு ஆசிட் பட்டு அரித்துப்போயிருக்கிறது, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டமும் அதை இழுத்துப் பிடிக்கும் கொக்கிக் கம்பிகளும் காணாமல் போய்விட்டன, முந்தைய உரிமையாளர் ஒரு ரப்பர் பட்டையால் பேட்டரியைக் கட்டி வைத்திருந்தார். இந்தப் பாகங்களை எங்கே தேடுவது, கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாமா, எப்படிப் பொருத்தினால் நிலையாக நிற்கும்?

பாகங்களைத் தேடுவதற்கு முன் இரண்டு காரியங்களை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த அளவுள்ள பேட்டரியை வைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அடுத்து, தட்டுக்குக் கீழே இருக்கும் காரின் உடல் தகடு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, கண்ணில் பட்ட சட்டத்தையும் கம்பிகளையும் வாங்கிவிட்டு, பிறகு அவற்றுக்கு ஏற்ற பேட்டரியைத் தேடி அலைகிறார்கள். தட்டு, சட்டம், கம்பி ஆகிய மூன்றும் ஒரு குறிப்பிட்ட பேட்டரியின் நீளம், அகலம், உயரத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரி மாறினால் மூன்றுமே பொருந்தாமல் போகும்.

இந்தச் சிறு பாகங்களுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று தோன்றலாம். நடுத்தர அளவுள்ள 12 வோல்ட் ஈய-ஆசிட் பேட்டரி ஒன்று 15 முதல் 18 கிலோ வரை எடை இருக்கும். மோதலின்போது கார் புவியீர்ப்பின் 20 மடங்கு வேகக்குறைவுக்கு உள்ளானால், 18 கிலோ பேட்டரி ஏறத்தாழ 360 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னோக்கிப் பாயும். விபத்தே நேராவிட்டாலும், தளர்வாக அமர்ந்த பேட்டரி ஒவ்வொரு குழியிலும் துள்ளுகிறது. உள்ளே இருக்கும் தகடுகளிலிருந்து வேதிப்பொருள் உதிர்ந்து அடியில் சேர்ந்து, பேட்டரியின் ஆயுள் குறைகிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நகரும் பேட்டரியின் டெர்மினல் பானட்டையோ பக்கத் தகட்டையோ தொட்டுவிடுவது. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே ஓடும் தடித்த கேபிளில் பெரும்பாலான பழைய கார்களில் ஃபியூஸ் கிடையாது என்பதால், அந்தத் தொடுகை நேரடியாகத் தீயில் முடியும். ரப்பர் பட்டை இழுபட்டு நீள்வதற்கென்றே செய்யப்பட்டது. அதை இன்றே கழற்றிவிடுங்கள்.

முதலில் உங்கள் காரில் தொழிற்சாலை எந்த முறையைக் கையாண்டது என்று கண்டறிய வேண்டும். பொதுவாக மூன்று முறைகள் உண்டு. பேட்டரியின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு கோணச் சட்டம் அமர, இருபுறமும் நீளமான கொக்கிக் கம்பிகள் அதைத் தட்டோடு இழுத்துப் பிடிப்பது ஒன்று. பேட்டரியின் நடுவே குறுக்காக ஒரு பட்டை மட்டும் போய், இரு முனைகளிலும் கம்பிகள் இறங்குவது மற்றொன்று. பேட்டரியின் அடிப்பாகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை ஓர் ஆப்புப் போன்ற கிளாம்பு, ஒரே போல்டால் அழுத்திப் பிடிப்பது மூன்றாவது. ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு இது மாறியிருக்கலாம். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நல்ல உதாரணம்: 1962 முதல் 1974 வரை அதில் இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டுத் தனித்தனித் தொட்டில்களில் இருந்தன, 1974இல் ரப்பர் பம்பர் வந்த பிறகு ஒரே 12 வோல்ட் பேட்டரியானது. முந்தைய காருக்கான தொட்டிலைப் பிந்தைய காரின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. 1969 முதல் 1973 வரையிலான போர்ஷே 911இல் முன்பக்கத்தில் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. பழைய மினியிலோ பின்பெட்டியின் தரையில் பதிந்த ஒரு குழியில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிடிப்பு முறை வேறு.

இதற்கான முதல் சான்று, உற்பத்தியாளர் வெளியிட்ட படங்களோடு கூடிய உதிரிபாகப் பட்டியல். பணிமனைக் கையேடு எப்படிக் கழற்றுவது என்றுதான் சொல்லும்; பாகப் பட்டியலோ ஒவ்வொரு வாஷருக்கும் எண் கொடுத்திருக்கும். உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு உரிய வரியைப் பாருங்கள். ‘இந்த எண் வரை’, ‘இந்த எண்ணிலிருந்து’ என்ற குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். பட்டியலில் கண்ட எண் பின்னாளில் வேறு எண்ணால் மாற்றப்பட்டிருக்கலாம். விற்பவரிடம் இரண்டு எண்களையும் கொடுத்துக் கேளுங்கள். இரண்டாவது சான்று உங்கள் காரே. தட்டு இருந்த இடத்தின் பெயின்ட் நிழல், கொக்கி உரசிய தடம், பிறர் துளைத்த துளைகளுக்கு நடுவே நேர்த்தியாக அச்சில் குத்தப்பட்ட அசல் துளை ஆகியவற்றை அளந்து, துரு நீக்கும் வேலை தொடங்கும் முன்பே படம் எடுத்து வைத்துவிடுங்கள். தேய்த்த பிறகு இந்தத் தடயங்கள் திரும்பக் கிடைக்காது. மூன்றாவதாக, யாரும் கைவைக்காத ஓர் அசல் காரைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஏற்கெனவே சீரமைக்கப்பட்ட காரை மாதிரியாகக் கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் படியெடுக்க, அதுவே அசல் என்று நிலைபெற்றுவிடுகிறது.

இனி பேட்டரியின் தேர்வு. நீளம், அகலம் இரண்டையும் தட்டின் உள் அளவோடு ஒப்பிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். உயரமே அதிகச் சிக்கல் தருகிறது. ஐரோப்பிய அளவுகளில் ஒரே நீள அகலத்தில் 175 மில்லிமீட்டர் உயரமும் 190 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பேட்டரிகள் கிடைக்கின்றன. இந்த 15 மில்லிமீட்டர் வேறுபாடே கொக்கிக் கம்பியின் மரை (திருகுப் புரி) நட்டுக்கு எட்டுமா எட்டாதா என்பதைத் தீர்மானித்துவிடும். கடின ரப்பரால் ஆன வெளிக்கூடு கொண்ட பழைய பேட்டரிகள் பல இன்றையவற்றைவிட உயரமானவை. அவற்றுக்கான நீளமான கம்பிகளை இன்றைய குள்ளமான பேட்டரிக்குப் பயன்படுத்தினால் மரை முடிந்த இடத்திலேயே நட்டு நின்றுவிடும், சட்டம் பேட்டரியை அழுத்தாது. கையில் இறுகியதுபோல் தோன்றும், பேட்டரி ஆடும். டெர்மினல்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அமெரிக்க அளவுகளில் 24 என்பதற்கும் 24எஃப் என்பதற்கும் உள்ள முக்கிய வேறுபாடே டெர்மினல்கள் இடவலம் மாறியிருப்பதுதான். தவறாக வாங்கினால் கேபிளை இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டிவரும். இழுபடும் கேபிள் டெர்மினல் அடியில் விரிசலை உண்டாக்கும். அடிவிளிம்புக் கிளாம்பு உள்ள கார் என்றால், ஐரோப்பியப் பேட்டரிகளில் பி0 என்ற குறி அடிவிளிம்பே இல்லாததையும், பி13 என்ற குறி நான்கு பக்கமும் விளிம்பு உள்ளதையும் சுட்டும் என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள்.

பேட்டரியை இடத்தில் வைத்ததும் டெர்மினல்களின் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, கேபிள்களை இணைக்காமல் பானட்டை மெதுவாக மூடித் திறந்து, அமுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள். இடைவெளி 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் நான் அந்தப் பேட்டரியை ஏற்க மாட்டேன். எஞ்சினின் ஆட்டத்தோடு பானட்டின் நெகிழ்வையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தேடும் இடங்களைப் பொறுத்தவரை, உங்கள் மாடலுக்கான உரிமையாளர் சங்கமே முதல் வாசல். அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தயாரிப்பாளரின் புதுத் தட்டு துளைகளோடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பது பட்டறிவாகத் தெரியும். அதிகம் விற்ற மாடல்களுக்கு மறு உற்பத்திப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபியின் முழு உடற்கூட்டையே 1988 முதல் விற்று வருகிறது. குறைவாக விற்ற மாடல்களுக்குப் பழைய உதிரிபாகச் சந்தைகளும் உடைப்புக் களங்களுமே வழி. இங்கிலாந்தின் பியூலியில் 1967 முதலும், அமெரிக்காவின் ஹெர்ஷியில் 1955 முதலும் நடந்துவரும் சந்தைகள் இதற்குப் பெயர் பெற்றவை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது உங்கள் தட்டின் அட்டை மாதிரி ஒன்றையும், சட்டத்தின் உள் அளவையும், துளைகளின் மைய இடைவெளியையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் காலத்து நிறுவனங்கள் ஒரே பாகத்தைப் பல மாடல்களுக்குப் பயன்படுத்தின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி கார்களுக்கிடையே இப்படிப் பகிர்ந்துகொண்ட சிறு பாகங்கள் ஏராளம். ஆகவே உங்கள் மாடலின் பெயரைச் சொல்லித் தேடிக் கிடைக்காத சட்டம், அதே நிறுவனத்தின் வேறொரு காரின் பெயரில் பெட்டியில் கிடக்கக்கூடும். பாக எண்ணை வைத்துத் தேடுவதன் பயன் இதுதான்.

உடைப்புக் களத்துப் பாகத்தை வாங்கும்போது சட்டத்தின் நான்கு மூலைகளையும் கம்பியின் வளைவையும் கூர்ந்து பாருங்கள். மேலே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும், மூலையின் உட்புறம் ஆசிட்டால் காகிதம்போல் மெலிந்திருக்கலாம். நகத்தால் தட்டினால் தடித்த தகடும் மெலிந்த தகடும் வெவ்வேறு ஒலி தரும். பல ஆண்டுகள் கடையிலேயே கிடந்த பயன்படுத்தாத அசல் பாகம் கிடைத்தால் வாங்கலாம். ரப்பர் விரிப்பு, ரப்பர் உறை ஆகியவற்றை மட்டும் அப்படி வாங்க வேண்டாம். அவை பெட்டிக்குள் இருந்தே இறுகிப் பிளந்திருக்கும்.

கம்பிகளிலும் நட்டுகளிலும் மரையின் வகை தெரியாமல் வாங்குவது பரவலான தவறு. கால் அங்குலத் தடிமனிலேயே மூன்று மரைகளாவது உண்டு: பழைய பிரிட்டிஷ் நுண்மரையில் அங்குலத்துக்கு 26 புரிகள், யூஎன்எஃப் என்ற நுண்மரையில் 28, யூஎன்சி என்ற பருமரையில் 20. பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, மற்ற இரண்டும் 60 பாகை. பிரிட்டிஷ் நட்டை யூஎன்எஃப் கம்பியில் ஏற்றினால் சில சுற்றுகள் போய் இறுகிக்கொள்ளும். ஸ்பேனரால் பலவந்தமாக முறுக்கினால் மரை கிழிந்துவிடும். அதைவிட ஏமாற்றுவது எம்6 என்ற மெட்ரிக் கம்பி. அதன் புரி இடைவெளி ஒரு மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 25.4 புரிகள்; பிரிட்டிஷ் மரைக்கு மிக நெருக்கம். விட்டம் மட்டும் 6.35க்குப் பதில் 6 மில்லிமீட்டர். ஆகவே அது பழைய நட்டுக்குள் சுகமாக ஓடும், ஆனால் மரையின் நுனிகளை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். மரை அளவி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கம்பியையும் நட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குவது இன்னும் நல்லது.

கம்பி கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம், கடினமில்லை. மென்எஃகுக் கம்பியில் தேவையான நீளம் அளந்து, வளைவின் உள் ஆரம் கம்பியின் விட்டத்துக்குக் குறையாமல் கொக்கியை வளைத்து, மறுமுனையில் டை என்ற மரை வெட்டும் கருவியால் மரை வெட்டுங்கள். முழு நீளமும் மரையுள்ள கம்பியை வாங்கி வளைப்பதைத் தவிர்க்கவும். வளைவில் மரையின் பள்ளங்களே விரிசல் தொடங்கும் இடங்களாகும், அந்தப் பள்ளங்களில் ஆசிட்டும் தங்கும். துருவேறா எஃகில் செய்தால் நீண்ட காலம் நிற்கும். அலுமினியத்தில் சட்டம் செய்ய வேண்டாம்; கந்தக ஆசிட் அதை அரிக்கும், அது மென்மையும் கூட.

இந்த முழு வேலையிலும் மிக முக்கியமானது காரின் உடல் தகடுதான். கால் அங்குல மென்எஃகுக் கம்பி ஒன்று நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன் 500 கிலோவுக்கு மேல் இழுவையைத் தாங்கும். இரண்டு கம்பிகள் இருக்கும்போது அவை அறுந்து பேட்டரி விடுபடுவது அரிது. விடுபடுவது, கொக்கி மாட்டியிருக்கும் துளையைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு கிழிவதால்தான். அதனால் புதுத் தட்டை வாங்கி அரித்த தகட்டின் மேல் திருகிவிடுவது, கண்ணுக்கு அழகாக இருந்தாலும், பயனற்ற வேலை. எம்ஜிபியின் தொட்டில்கள் அடியில் திறந்தவை, சாலை ஈரமும் சேறும் நேரே படுபவை. மினியின் குழியோ நீர் தேங்கும் இடம். இரண்டிலும் மேலிருந்து பார்த்து முடிவு செய்யாமல், காரை உயர்த்தி அடியிலிருந்து குத்தூசியால் குத்திப் பாருங்கள்.

தகட்டில் கைவைக்கும் முன் ஆசிட்டை முறிக்க வேண்டும். சமையல் சோடாவை நீரில் கரைத்து ஊற்றினால் ஆசிட் இருக்கும் இடமெல்லாம் நுரைக்கும்; நுரை அடங்கும் வரை திரும்பத் திரும்ப ஊற்றி, பிறகு நிறைய நீரால் கழுவி, முழுவதும் உலர விடுங்கள். இந்தக் கரைசல் பேட்டரியின் அறைகளுக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்தே செய்யுங்கள். இதைச் செய்யாமல் பெயின்ட் அடித்தால், தகட்டின் மடிப்புகளுக்குள் தங்கிய ஆசிட் பெயின்டுக்கு அடியில் தன் வேலையைத் தொடரும். அரித்த பகுதியைச் சுத்தமான உலோகம் வரும் வரை வெட்டி எடுத்து, அசல் தகட்டின் தடிமனுக்குக் குறையாத புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டிய விளிம்பில் கருமை தெரிந்தால் இன்னும் வெட்டுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் காரிலிருந்தே அப்புறப்படுத்திவிட வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது. தட்டுக்கு நேர் கீழே பிரேக் பைப்போ எரிபொருள் பைப்போ ஓடுகிறதா என்று பாருங்கள். பல கார்களில் ஓடுகிறது. ஆசிட் சொட்டிய பைப்பை மாற்றிவிடுவதே சரி. புதுத் தட்டின் வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாய் பொருத்தி அந்தப் பைப்பைத் தாண்டி வடிய விடுங்கள்.

கொக்கி மாட்டும் துளைகள் விரிந்திருந்தால், தகட்டுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு ஒன்றை வைத்து விசையைப் பரப்புங்கள். பேட்டரியை வேறிடத்துக்கு மாற்றுவோருக்குச் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் (எஃப்ஐஏ) கார் போட்டி விதிகள் நல்ல வழிகாட்டி: காப்புறை போட்ட இரண்டு உலோகக் கிளாம்புகள், குறைந்தது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்டுகள், ஒவ்வொரு போல்டுக்கும் உடல் தகட்டின் அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு. சாலையில் ஓட்டும் காருக்கு விதிப்படி இது தேவையில்லை என்றாலும், பின்பெட்டிக்கு மாற்றும் பேட்டரிக்கு நான் இதையே பின்பற்றுவேன். பயணிகள் அமரும் பகுதியிலோ பின்பெட்டியிலோ பேட்டரி இருந்தால், வாயு வெளியேறும் குழாயைக் காருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பீட்டிலின் பின்னிருக்கைக்கு அடியில் உள்ள பேட்டரிக்குத் தொழிற்சாலை தந்த மூடியைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாமல் கனமானவர் ஒருவர் அமர்ந்தால் இருக்கையின் ஸ்பிரிங் டெர்மினல்களைத் தொட்டுத் தீப்பிடிக்கும். அந்தக் காரில் இது நன்கறிந்த அபாயம்.

பெயின்ட்டுக்கு எபாக்சி பிரைமரும் அதன்மேல் ஆசிட் தாங்கும் பூச்சும் நல்லது. பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும், ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அடியில் துரு பரவுவது வெளியே தெரியாது. எதைப் பூசினாலும், எர்த் கேபிள் (பேட்டரியைக் காரின் உடலோடு இணைப்பது) பிடிக்கும் இடத்தை மட்டும் பளிச்சென்ற உலோகமாக விட்டு, இணைத்த பிறகு கிரீஸ் தடவுங்கள். அந்தக் காலத்துக் கம்பிகளிலும் நட்டுகளிலும் காட்மியம் பூச்சு இருந்திருக்கலாம். அது நச்சுப் பொருள் என்பதால் அரத்தால் தேய்க்கவோ சூடாக்கவோ வேண்டாம். துத்தநாகப் பூச்சு போட்டால் தோற்றம் ஏறக்குறைய ஒத்துப்போகும். கண்காட்சியில் அசல் தோற்றம் வேண்டுமென்றால், தார் பூசிய மேற்பரப்போடு பழைய பாணியில் செய்யப்பட்ட பேட்டரிகளும், நவீன பேட்டரியின் மேல் கவிழ்க்கும் போலி மூடிகளும் கிடைக்கின்றன. மூடியைத் தேர்ந்தால் அதன் உயரத்தையும் சேர்த்துக் கம்பியின் நீளத்தைக் கணக்கிட வேண்டும்.

பொருத்தும்போது தட்டில் மெல்லிய ரப்பர் விரிப்பை இட்டு, அடியில் கல்லோ திருகுத் தலையோ இல்லை என்று உறுதி செய்து பேட்டரியை இறக்குங்கள். சட்டத்தை வைத்து, இருபுற நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பேட்டரியைக் கையால் தள்ளிப் பார்த்தால் அது மட்டும் தனியே அசையாமல், காரே சேர்ந்து ஆட வேண்டும். அதற்கு மேல் இறுக்க வேண்டாம். அதிகம் இறுக்கினால் பேட்டரிக் கூட்டின் மேல்விளிம்பு பிதுங்கி விரிசல் விடும், ஆசிட் கசியும். விங் நட்டாக இருந்தால் கையால் இறுக்கியது போதும், கூடவே ஸ்பிரிங் வாஷர் ஒன்றும், முடிந்தால் பூட்டு நட்டும் போடுங்கள். உலோகச் சட்டமும் கம்பியும் காரின் உடலோடு தொடர்புள்ளவை, ஆகவே அவையும் எர்த்தே. எர்த் அல்லாத டெர்மினலுக்கு அருகே போகும் பகுதியில் ரப்பர் உறை போட்டு, அந்த டெர்மினலுக்கும் ஒரு மூடி போடுங்கள்.

கேபிள் இணைக்கும் வரிசை பழைய கார்களில் குழப்பம் தரும். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். 1967 வரையிலான எம்ஜிபி உட்படப் பல பிரிட்டிஷ் கார்களில் எர்த் என்பது பாசிட்டிவ் டெர்மினல். அவற்றில் ‘நெகட்டிவை முதலில் கழற்று’ என்ற வழக்கமான அறிவுரையைப் பின்பற்றினால் ஸ்பேனர் காரின் உடலைத் தொட்ட கணத்தில் தீப்பொறி பறக்கும். எந்த டெர்மினல் உடலோடு இணைந்திருக்கிறது என்பதைக் கேபிளைப் பின்தொடர்ந்து கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புது ரப்பர் விரிப்பு முதல் சில பயணங்களில் அமுங்கி, நட்டுகளில் தளர்வு உண்டாகும். ஆகவே முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் பானட்டைத் திறந்து நட்டுகளை ஒருமுறை இறுக்கி, கொக்கி மாட்டிய துளைகளைச் சுற்றிப் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அங்கே தகடு வளைகிறது. அடியில் வைத்த தாங்கு தகடு போதவில்லை என்று கொண்டு அதன் பரப்பைக் கூட்டுங்கள்.